ஈயம் கட்டின வண்டி

மந்திரித்த தண்ணீர் காயும் முன்னே வண்டி கீழே கிடந்தது. கோயில் வாசலில் பங்குச் சாமியார் தெளித்துவிட்டு இப்போதுதான் உள்ளே போயிருப்பார். தேவபிரசாதம் நேராக என் கடை முன்னால் வந்து நிறுத்தினான்; இடது காலை ஊன்றினான். ஊன்றியதாக நினைத்தான் என்றுதான் சொல்ல வேண்டும். வண்டியும் மாலையும் அவனுமாகச் சரிந்து என் பெஞ்சின் மேல் விழுந்தார்கள். பெஞ்சில் தைத்து வைத்திருந்த ஆட்டோ சீட்டு இரண்டும் சாக்கடைக்குப் போயின.

எனக்கு வந்ததே கோபம். "ஏலே, புது வண்டிய வாங்கி என் தலையில போடவா கொண்டு வந்த?" என்று கத்திவிட்டேன்.

"காலு தரையில பட்டுட்டுன்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்றான், கீழே கிடந்தபடியே.

அதற்கு மேல் என்னத்தைத் திட்ட? எதிர்வீட்டிலிருந்து அவன் பெண்டாட்டி விஜிலா கரண்டியோடு ஓடி வந்தாள். அவள் முன்னால் பிடிக்க, நான் பின்னால் தூக்க, வண்டியை நிமிர்த்தினோம். நல்ல கனம். உயரம் வேறு. ஷோரூமில் அதற்கு அட்வென்ச்சர் மாடல் ஸ்கூட்டர் என்று பேராம். கட்டை கட்டையாகப் பல் வைத்த பெரிய டயர், அகன்ற ஹேண்டில், மலையேறப் போகிறவன் மாதிரி நிமிர்ந்த முகம். தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் மலை எங்கே இருக்கிறது? நிலக்கரித் தூசியும் கருவாட்டு வாடையும்தான் இருக்கிறது.

நான் சிவப்பிரகாஷ். வண்டிக்கு சீட்டு தைக்கிற கடை. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. என் வீட்டுக்காரியைக் கேட்டால் 'கொஞ்சம்' என்பதை எடுத்துவிடச் சொல்வாள். ஆனால் அந்தக் குடும்பத்தின் விஷயத்தில் நான் வாயைத் திறந்ததை விட மூடிக்கொண்டதே அதிகம், அது எங்கள் தெருவுக்கே தெரியும்.

தேவபிரசாதம் சங்கு குளிக்கிறவன். குளித்தவன். மூச்சுக் காற்று வருகிற கம்ப்ரசர் டியூபை வாயில் கடித்துக்கொண்டு, இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட்டைக் கட்டி, கடலடியில் நடந்து சங்கு பொறுக்குகிற வேலை. அவன் முன்னோர் முத்துக் குளித்தவர்கள். முத்து போய்ச் சங்கு வந்துவிட்டது; ஒரு வழக்கம் மட்டும் போகவில்லை. கீழே இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். அக்காளின் தாலி அறுபட எந்தத் தம்பி விடுவான் என்கிற நம்பிக்கை. இப்போது கயிற்றுக்குப் பதில் டியூப். பேச்சு அதே பேச்சுதான். மேலே இருப்பவன் ஒரு தடவை இழுத்தால் 'எல்லாம் சரி' என்று அர்த்தம். இரண்டு தடவை இழுத்தால் 'உடனே மேலே வா'. ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. கையில் எவ்வளவு பெரிய சங்கு இருந்தாலும் போட்டுவிட்டு, இடுப்பு ஈயத்தையும் கழற்றி விட்டுவிட்டு ஏறி வர வேண்டும்.

போன வருடம் நடுக்கடலில் கம்ப்ரசர் நின்றுபோனது. டியூப் பிடித்திருந்தவன் ஷாம், விஜிலாவின் தம்பி. இரண்டு இழுப்பு இழுத்தான். தேவபிரசாதம் ஈயத்தை உதறிவிட்டு ஒரே மூச்சில் மேலே வந்தான். அப்படி வரக் கூடாது, கை காலைப் பிடித்துவிடும்; நின்று நின்று வர வேண்டும். மூச்சு இல்லாதவன் எங்கே நிற்க? உயிர் தப்பியது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே உணர்வு போய்விட்டது. நடப்பான். ஆனால் செருப்பு கழன்று விழுந்தால் அவனுக்குத் தெரியாது. பின்னால் வருகிற நாங்கள்தான் எடுத்துக் கொடுப்போம். இன்னொரு தடவை இறங்கினால் இரண்டு காலும் போகும், ஆளே கூடப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஷாம் அன்றோடு சரி. இனிமேல் டியூபைத் தொட மாட்டேன் என்று துறைமுகத்தில் லோடு வேலைக்குப் போய்விட்டான். தேவபிரசாதத்துக்குக் கால் போன கோபத்தை விட மச்சினன் கயிற்றைப் போட்டுவிட்டுப் போன கோபம் பெரிது. இரண்டு பேரும் பேசுவதில்லை.

வீட்டில் இருக்கிற ஆளா அவன்? காலையில் எழுந்ததும் கடற்கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்ப்பான். வந்து என் கடையில் உட்காருவான், எழுவான், மறுபடியும் போவான். பங்குனி மாதம், காற்று அடங்கிக் கடல் கண்ணாடியாகக் கிடந்தது.

"தண்ணி தெளிஞ்சிட்டு அண்ணாச்சி. அடி தெரியும்."

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது. நீ டீயக் குடி."

"காலப் பிடிச்ச ஆழத்துக்கே ஒருக்கா இறங்கி, நின்னு, மெள்ள ஏறி வந்தா காலு திரும்பிரும். எங்கப்பாவுக்குத் திரும்பிச்சு."

இது அவர்களுக்குள் உள்ள நம்பிக்கை. கடலில் பிடித்ததைக் கடலே கழற்றிவிடும் என்று. இந்தப் பேச்சு வந்தாலே விஜிலாவின் முகம் செத்துவிடும். அவனைத் தரையில் கட்டிப்போட ஒரு வேலை வேண்டும் என்று அவள்தான் காயல்பட்டினத்து நண்டு வியாபாரி வாவு காக்காவைப் போய்ப் பார்த்தாள். கீழவைப்பார் கரையில் காலையில் ஏறுகிற நண்டை வாங்கி, உயிர் போகாமல் தூத்துக்குடியில் இருக்கிற அவருடைய ஐஸ் ஷெட்டுக்குக் கொண்டுவர ஆள் வேண்டும். காக்கா சரி என்றார். வம்பு என்னவென்றால் கடைசித் துண்டு பாதை முழுக்க மணல், நடுவில் ஓடை வேறு. விஜிலா எறால் கம்பெனிக்குப் போய்வந்த சின்ன ஸ்கூட்டர் அந்த மணலில் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. அதைக் கொடுத்துவிட்டுத்தான் இந்த உயர வண்டியை மாற்றினார்கள். விஜிலா இப்போது கம்பெனி வேனில் போகிறாள்.

ஆக, மணலுக்கு ஏற்ற வண்டி வந்துவிட்டது. ஆளுக்கு ஏற்றதாக இல்லை.

"சீட்ட வெட்டித் தாங்க அண்ணாச்சி" என்றாள் விஜிலா.

"புது சீட்டுளா. கம்பெனி சீட்டு."

"மனுசன் பழசுல்லா. வெட்டுங்க."

ரெக்ஸினைப் பிரித்து, பஞ்சை இரண்டு விரல் கனத்துக்குச் செதுக்கினேன். தொடை வருகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒடுக்கினேன். தேவபிரசாதம் உட்கார்ந்து பார்த்தான். குதிகால் தொங்கியது. இன்னும் செதுக்கினேன். ஹேண்டிலைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, பிரேக் லீவரை விரலுக்கு எட்டுகிற மாதிரி இறக்கினோம். அப்புறம் பின்பக்க ஷாக் அப்சர்பரைத் தளர்த்த வேண்டும்; அதற்கு உள்ள ஸ்பானர் என்னிடம் இல்லை.

ஸ்பானரோடு வந்தது ஷாம். விஜிலா சொல்லி அனுப்பியிருக்கிறாள். துறைமுக வேலை முடிந்து, உடம்பெல்லாம் கரித்தூள், கண் மட்டும் வெள்ளையாக வந்து நின்றான். மச்சானை நிமிர்ந்து பார்க்காமல் வண்டிக்குப் பின்னால் குத்த வைத்தான்.

"ரொம்பத் தளத்த வேண்டாம்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றான் தேவபிரசாதம் என்னிடம்.

"பெட்டி ஏறினா இன்னும் அமுங்கும்னு சொல்லுங்க" என்றான் ஷாம், அவனும் என்னிடமே.

"ஏலே, ரெண்டு பேருக்கும் வாயில என்ன, கொழுக்கட்டையா? நான் என்ன தபால்காரனா?" என்றேன். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. விஜிலா ஊளி மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். ஷாம் கை கழுவிவிட்டு வாசல்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். தேவபிரசாதம் கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டான். நடுவில் வண்டி நின்றது.

சாயங்காலம் கடற்கரை ரோட்டில் பழக்கிப் பார்த்தார்கள். விஜிலா பின்னால் ஏறிக்கொண்டாள். ஓடும்போது ஒரு குறையும் இல்லை, ராசா மாதிரி ஓட்டினான். நிறுத்தும்போதுதான் வினை. ரோட்டின் சரிவெல்லாம் இடது பக்கம். கால் தரையைத் தொட்டதா இல்லையா என்று குனிந்து பார்ப்பதற்குள் வண்டி சாய்ந்துவிடுகிறது. விஜிலா ஒரு வழி கண்டுபிடித்தாள். பின்னாலிருந்து அவன் காலைப் பார்த்துக்கொண்டே வந்து, தரையில் பட்டதும் சட்டையை ஒரு தடவை இழுத்தாள். அவன் தைரியமாகப் பாரத்தைக் கொடுத்தான். விழவில்லை.

தள்ளி நின்றுகொண்டிருந்த ஷாம் அன்றைக்குத்தான் சிரித்தான். "அக்கா, ஒண்ணோட நிறுத்திக்க. ரெண்டு தடவ இழுத்துராத. மச்சான் வண்டிய விட்டுட்டு ஏறி வந்துருவாவ."

தேவபிரசாதத்தின் தோள் குலுங்கியது. சிரித்தான் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் விஜிலா தினமும் பின்னால் உட்கார முடியுமா? அவளுக்குக் கம்பெனி இருக்கிறது. பின்சீட்டில் நண்டுப் பெட்டி இருக்கிறது. தேவபிரசாதம் ஒரு ராத்திரி யோசித்தான். மறுநாள் காலையில் பார்த்தால், இடுப்பில் கட்டுகிற ஈய பெல்ட்டை வண்டியில் கால் வைக்கிற இடத்தில், வலது பக்கமாக, நைலான் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தான்.

"என்ன கூத்துலே இது?"

"கூத்தில்ல அண்ணாச்சி. இடது பக்கம் சாயிதில்லா? வலது பக்கம் பாரம் வச்சா வலது பக்கம் சாயும். அந்தக் காலு நல்ல காலு. தண்ணிக்குள்ள ஒரு பக்கம் தூக்கிச்சின்னா அந்தப் பக்கம் ஈயத்தத் தள்ளிக்கிடுவோம்லா, அதே கணக்குதான்."

தார் ரோட்டில் அது பலிக்கவும் செய்தது. எனக்கே ஆச்சரியம். விஜிலாவுக்கோ பெரிய சந்தோஷம். "ஈயம் வண்டிக்கு வந்துட்டுல்லா அண்ணாச்சி. இனி கடலுக்குப் போவாது" என்றாள். அன்றைக்குப் புட்டு அவித்து எனக்கும் ஒரு தட்டு கொடுத்துவிட்டாள்.

முதல் நடைக்குப் போனான். வெயில் ஏறி, உப்பளமெல்லாம் கண் கூசுகிற நேரத்தில் திரும்பி வந்தான். முன் விளக்கில் மணல் அப்பியிருந்தது. நேராக வீட்டுக்குள் போனான். விஜிலா வண்டியைத் துடைக்க வந்தவள் "மாதாவே" என்று கத்தினாள். கால் வைக்கிற இடமெல்லாம் ரத்தம். இடது பெருவிரல் நகம் பிய்ந்து தொங்குகிறது, அவனுக்குத் தெரியவே இல்லை. அவள் லேஞ்சித் துணியைக் கிழித்துக் கட்டும்போதுதான் குனிந்து பார்த்தான்.

"எங்கன விழுந்திய?"

"மணல்ல. ஈயம் பக்கமா டயரு இறங்கிட்டு. தூக்கி நிறுத்தப் போனேன், இடது பக்கமா விழுந்திட்டு. பெட்டி உடைஞ்சு நண்டெல்லாம் ஓடிட்டு."

"போனாப் போவுது. நண்டுதான?"

"அங்க நின்ன ஆளுவ எல்லாம் ஓடி வந்து பொறுக்கித் தந்தானுவ. எனக்கு! 'நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கிடுதோம்'ங்கான் ஒருத்தன்." காலை அவள் கையிலிருந்து இழுத்துக்கொண்டான். "நான் பொறுக்கிப் போட்ட சங்கப் பாத்து வாயப் பொளந்த பயலுவ."

வாவு காக்கா போன் போட்டார். தேவபிரசாதம் எடுக்காததால் விஜிலா எடுத்தாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "ஒண்ணும் வெசனப்படாதிய புள்ள. நண்டு போனது போவட்டும். திங்கக்கிழம வரைக்கும் நான் வேற ஆள வச்சு ஓட்டுதேன். அல்லாஹ் லேசாக்குவான்." நல்ல மனுசர். ஆனால் திங்கட்கிழமைக்கு அப்புறம் என்ன என்று அவரும் சொல்லவில்லை, விஜிலாவும் கேட்கவில்லை.

நான் பஞ்சை இன்னும் செதுக்கினேன். இப்போது சீட்டு பலகை மாதிரி ஆகிவிட்டது. அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எனக்குத் தக்க வண்டிய வெட்டிக்கிட்டே இருக்கிய. எனக்குக் காலு வந்துட்டா வண்டிய வெட்டவே வேண்டாம்லா அண்ணாச்சி?"

"வாய மூடு" என்றேன். அப்போதே விஜிலாவிடம் சொல்லியிருக்க வேண்டும். எதற்கு அவளைக் கலங்கடிக்க என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை காக்காவைப் பார்த்து வருகிறேன் என்று மினி பஸ் ஏறிப் போனான். வண்டி வாசலில் நின்றது. விஜிலாவுக்கு அன்று லீவு. கொஞ்ச நேரத்தில் அவள் தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தாள். கையில் நைலான் கயிறு.

"அண்ணாச்சி, ஈயத்தக் காணும்."

"கழத்தி வச்சிருப்பான்ளா. மணல்ல அதுதான விழ வச்சது."

"வீட்ல எங்கயும் இல்ல. கண்ணாடியும் இல்ல."

கண்ணாடி என்றால் முங்கும்போது முகத்தில் மாட்டுவது. என் கையில் இருந்த கத்தரி நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. ஷாம். துறைமுகத்துக்குள்ளிருந்து கிரேன் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"அக்கா, கீழவைப்பார்ல இருந்து ஒரு படகுக்காரரு பேசினாரு. மச்சான் அங்கன நிக்காவ. நான் டியூப் பிடிக்க வர முடியல, வேற ஆளு பிடிக்கட்டும்னு நான் சொன்னதாச் சொல்லியிருக்காவ. மச்சினன் வாயால கேக்காம இறக்க மாட்டேன்னு அவரு எனக்குப் போன் போடுதாரு. மாட்டேன்னு கத்தினேன், லைன் கட்டாயிட்டு. அவருக்குக் கேட்டுதோ இல்லையோ தெரியல. திரும்பப் போட்டா எடுக்க மாட்டேங்காரு. நான் இப்ப வெளிய வர முடியாதுக்கா, கப்பல் நிக்கி…"

திரேஸ்புரத்தில் அவனைப் படகில் எவனும் ஏற்ற மாட்டான். அதனால்தான் கீழவைப்பாருக்குப் போயிருக்கிறான்.

விஜிலா சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். "நில்லுளா, நான் ஆட்டோ பிடிக்கேன்" என்றேன். "மணல்ல ஆட்டோ போவாது" என்று ஏறி உட்கார்ந்தாள். அப்போதுதான் நான் பார்த்தேன். அவள் குள்ளம். அந்த வண்டி வந்த கோலத்தில் அவளால் தரையைத் தொட்டே இருக்க முடியாது. இப்போது இரண்டு பாதமும் தரையில் அப்பிக்கொண்டு நின்றன. ஹேண்டில் அவள் கைக்கு எட்டியது, பிரேக் அவள் விரலுக்கு வந்தது. ஆளை வைத்து அளவெடுத்த மாதிரி. அவனுக்காக என்று நாங்கள் வெட்டினதெல்லாம் அவளுக்குச் சரியாக இருந்தது.

நான் கடையைச் சாத்தாமல் என் மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். எங்கே பிடிக்க? உப்பு லாரிகளுக்கு நடுவில் அவள் புடவைத் தலைப்பு தெரியும், மறையும். மடமடவென்று போனாள். தருவைகுளம் தாண்டி, மணல் பாதையில் அவள் ஓடையை ஏறிக் கடந்துவிட்டாள். என் மொபெட் மணலில் புதைந்தது. அதை அங்கேயே போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி ஓடினேன். இந்த வயசில், அந்த வெயிலில், எனக்கு இது தேவையா என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டேதான் ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது படகு முழங்கால் தண்ணீரில் நின்றது. அதற்குள் கம்ப்ரசர் ஏறியிருந்தது. தேவபிரசாதம் படகுக்குப் பக்கத்தில் தண்ணீரில் நின்றான், கடலைப் பார்த்து. இடுப்பில் ஈய பெல்ட். டியூபின் ஒரு முனையை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தான். மிச்சம் சுருளாக மணலில் கிடந்தது. நண்டு பிரிக்கிற ஆட்கள் வலையை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள்.

விஜிலா வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு கொட்டாங்கச்சியைத் தள்ளி வைத்துவிட்டு இறங்கினாள்.

"அந்தப் பய போன் போட்டானா?" என்றான் அவன், திரும்பாமலே.

"என் தம்பிய ஏன் பொய்யில இழுத்திய?"

"வேற என்ன செய்ய? பயந்துட்டு ஓடினவன்."

"ஆமா, பயந்துட்டான். நானும் பயந்தவதான். உங்களத் தூக்கிட்டு வந்த அன்னைக்கி இருந்து பயந்துகிட்டேதான் இருக்கேன். தூங்கும்போது மூச்சு இருக்கான்னு பாக்கேன். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"ஒரே ஒரு தடவளா. இறங்கி நின்னுட்டு மெள்ள ஏறிருவேன். எங்கப்பாவுக்குக் காலு வந்திச்சு."

"வரல்ல."

அவன் திரும்பினான்.

"மாமாவுக்குக் காலு வரல்ல. வந்துட்டு வந்துட்டுன்னு உங்ககிட்டச் சொன்னாவ. நீங்க கடல்ல கிடந்தவரு, உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க வாசல்ல வரும்போது கட்டிலப் பிடிச்சிட்டு எந்திச்சி நிப்பாவ. நீங்க அங்கிட்டுப் போனதும் விழுவாவ. தூக்குனது நான். மூத்திரம் அள்ளினது நான். 'மவன்கிட்டச் சொல்லிராத, அவன் தொழிலுக்குப் போறவன், பயந்துருவான்'னாவ. சொல்லல. இன்னைக்குச் சொல்லுதேன்."

தேவபிரசாதத்தின் வாய் திறந்தபடி இருந்தது.

"பொய்" என்றான்.

"மாதா மேல ஆணை."

அவன் மறுபடி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. "வண்டியில இருந்து விழுதவன ஊரே நின்னு பாக்குது" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. "கடலுக்குள்ள நான் விழுந்திருக்கேனா? ஒரு நாளு விழுந்திருக்கேனா? அங்கன எனக்குக் காலே வேண்டாம். நான் போறேன். வந்தா வாரேன், வராட்டா…"

படகின் விளிம்பைப் பிடித்தான். படகுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் விஜிலாவைப் பார்த்தார்.

விஜிலா குனிந்து மணலில் கிடந்த டியூபை எடுத்தாள்.

"டியூப் யாரு பிடிக்கா?" என்று கேட்டாள்.

"அந்தா நிக்க ஆளு" என்றார் படகுக்காரர்.

"அது வழக்கமில்ல. என் வீட்ல இருந்துல்லா பிடிக்கணும். நான் பிடிக்கேன்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவள் இரண்டு கையிலும் டியூபைச் சுற்றிக்கொண்டு, தண்ணீரில் பாதம் நனைய நின்றாள். டியூப் இறுகியது. ஒரு தடவை இழுத்தாள். அவன் அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள்.

அவன் யோசிக்கவே இல்லை. நான் பார்த்தேன். கை தானாக இடுப்புக்குப் போயிற்று. பெல்ட்டின் கொக்கியைத் தட்டிவிட்டது. ஈயம் அவ்வளவும் முழங்கால் தண்ணீரில் விழுந்தது. அப்புறம்தான் என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரிந்தது போலிருக்கிறது; விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். விஜிலா டியூபைத் தளர்த்தவில்லை. கைமேல் கையாக இழுத்துக்கொண்டே இருந்தாள், அழுதுகொண்டே இழுத்தாள். அவன் இடது காலை இழுத்து இழுத்துக் கரைக்கு வந்தான். வந்து அவள் காலடியில் ஈர மணலில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. இதில் என்ன வெட்கம்?

"கம்ப்ரசர இறக்குங்கலே" என்றார் படகுக்காரர்.

கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தர் சுடுகஞ்சியும் மாசித் துவையலும் கொடுத்தார். குடித்தான். நண்டு குவியல் பக்கத்தில் கிடந்தது. சும்மா இருக்க மாட்டானே. ஒன்றைத் தூக்கிப் பார்த்தான், கையில் ஏந்தினான், எறிந்தான். "இது தண்ணி நண்டு. உள்ள ஒண்ணும் கிடையாது. இத எவம்லே பெட்டியில போட்டது?" என்று சத்தம் போட்டான். பெட்டி நிறைய அவனே பொறுக்கினான். விஜிலா காக்காவுக்குப் போன் போட்டு, நான்தான் ஓட்டி வருவேன், அவ்வொ பொறுக்கித் தருவாவ, சரியா என்று கேட்டாள். எறால் கம்பெனி வேலையிலிருந்து நின்றுகொள்வதாகவும் சொன்னாள்.

"வண்டிய யாரு ஓட்டினா என்ன புள்ள, நண்டு உசுரோட வந்தாச் சரி" என்றார் அவர்.

ஒரு பெட்டி முன்னால், ஒரு பெட்டி பின்னால். நடுவில் விஜிலாவும் அவள் முதுகுக்குப் பின்னால் அவனும். ஈயத்தை அவனும் கேட்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. என் மொபெட்டை நாலு பேர் தூக்கிவிட்டார்கள். மெயின் ரோடு வரைக்கும் நான் பக்கத்திலேயே வந்தேன். அவன் உட்காரத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். பின்னால் உட்கார்ந்து பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெட்டியைப் பிடிப்பான், விடுவான், கடல் இருக்கிற பக்கம் தலையைத் திருப்புவான்.

தருவைகுளம் விலக்கில் உப்பு லாரி ஒன்று குறுக்கே திரும்பியது. எல்லா வண்டியும் நின்றன. விஜிலாவும் பிரேக் பிடித்தாள். ரோடு இடது பக்கம் சரிந்திருந்தது. தேவபிரசாதம் பதறிப்போய் அந்த இடது காலை நீட்டினான். தரையைத் தேடினான், கிடைக்கவில்லை, குனிந்து பார்த்தான்.

"ஏளா, பட்டுட்டா?" என்றான்.

"காலத் தூக்கி வைங்க" என்றாள் விஜிலா, திரும்பாமலே. "நான் ஊனிட்டேன்."